படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு எந்த உதவி லாபம்? கடலூர் மாவட்டத்துக்கான ஒப்பீடு

வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் இன்னொருவர் வேலையை விட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மகள் அல்லது மருமகள். அப்படி வேலையை விட்டவருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை தரும் திட்டம் நம் பக்கத்தில் இல்லை. கிடைக்கிற பணம் ஏறக்குறைய எல்லாமே படுத்திருப்பவரின் பெயரில், அவருடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் எழுதியிருக்கும் குறைபாட்டுச் சதவீதத்தை வைத்துத்தான் வருகிறது. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் “எனக்கு ஏதாவது உண்டா” என்று கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவார். “அம்மாவுக்கு இத்தனை சதவீதம், நோய் இது, எந்தத் துறையில் போடலாம்” என்று கேட்டால் வேலை நடக்கும்.

போட்டி இரண்டு துறைகளுக்கு நடுவில்தான். ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இன்னொன்று வருவாய்த் துறை ஓய்வூதியம். இதில் முதியோருக்கு மாதம் 1,200, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 என்று 2023இல் உயர்த்தப்பட்டது. ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது. எதை எடுப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் மாதம் ஐந்நூறிலிருந்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வரை விட்டுவிடுகின்றன.

சதவீதம் மட்டும் போதாது, நோயின் பெயரும் வேண்டும்

பராமரிப்பு உதவித்தொகைக்கு எல்லாருக்கும் ஒரே கோடு கிடையாது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்கின்சன், தண்டுவட மரப்பு நோய், முதுகுத் தண்டுவடக் காயம் ஆகியவற்றுக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். மற்றவர்கள் ‘கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்’ என்ற பிரிவில்தான் வர முடியும், அதற்கு 75 சதவீதம் வேண்டும்.

விளைவு விசித்திரமானது. 45 சதவீதம் எழுதப்பட்ட பார்கின்சன் அப்பாவுக்கு 2,000 கிடைக்கும். ஒரு பக்கம் முழுக்க விழுந்து 70 சதவீதம் வாங்கிய பக்கவாத அம்மாவுக்குக் கிடைக்காது, அவர் வருவாய்த் துறையின் 1,500க்குத்தான் போக வேண்டும். இது நியாயமா என்பது வேறு கேள்வி. விண்ணப்பம் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, சான்றிதழில் குறைபாட்டின் வகை எப்படி எழுதப்படுகிறது என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. பார்கின்சன் நோயாளியை எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டி, ‘கை கால் இயக்கக் குறைபாடு 50 சதவீதம்’ என்று எழுதி வாங்கிவந்தால் அவரும் 75 சதவீதக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். நரம்பியல் மருத்துவர் கொடுத்த சீட்டு, மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் மருத்துவக் குழு முன்னால் வைத்து, நோயின் பெயரிலேயே சான்றிதழ் கேட்க வேண்டும்.

மறதி நோய் இன்னொரு சிக்கல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் அது தனியாக இல்லை. மனநோய் பிரிவில் மனநல மருத்துவர்தான் அளந்து கொடுப்பார். ஆகவே மறதி நோய்க்குப் பொது மருத்துவரிடம் போய் நிற்பது வீண் அலைச்சல்.

பக்கவாதம் வந்த மறுமாதமே சான்றிதழ் கேட்டுப் போவதும் வீண்தான். நரம்பு சம்பந்தமான பாதிப்பை ஆறு மாதம் கழித்துத்தான் அளக்க வேண்டும் என்பது நடைமுறை, ஏனென்றால் அதற்குள் கொஞ்சம் தேறிவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த ஆறு மாதத்தைச் சும்மா விடாமல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், பிசியோதெரபிக்குப் போன சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கூடவே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். ஆதாரில் ‘செல்வி க.’ என்றும் பாஸ்புக்கில் ‘கே. செல்வி’ என்றும் இருந்தால் பணம் வரும் நேரத்தில் தடை வரும். ஆள் நடமாட்டத்தில் இருக்கும்போது ஆதார் திருத்துவது அரை நாள் வேலை. படுத்துவிட்ட பிறகு கைரேகை விழாமல், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டியிருக்கும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். குறைபாட்டின் வகை, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா என்ற வரி. தற்காலிகம் என்றால் காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கப் போகாவிட்டால் உதவித்தொகை சத்தமில்லாமல் நின்றுவிடும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையை இப்போது மூன்று நிறத்தில் தருகிறார்கள்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40இலிருந்து 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். நீல அட்டை இருந்தால் மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், வருமான வரியின் பெரிய கழிவு இரண்டுக்கும் கதவு திறக்கும்.

2,000மா, 1,500மா?

வெறும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. பராமரிப்பு உதவித்தொகை பிரிவுகளில் இருப்பவர்களில் அதிக உதவி தேவைப்படுபவர், அதாவது சாப்பிட, குளிக்க, மலம் கழிக்க எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆள் வேண்டியவர், உதவியாளருக்காக மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கலாம். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவே ‘பராமரிப்பாளர் படி’ என்று ஒன்றைச் சொல்கிறது. இங்கே அது நடைமுறைக்கு வந்த வடிவம் இதுதான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் தாய், மனைவி ஆகியோரின் உழைப்பை அரசு ஓரளவாவது கணக்கில் எடுக்கும் ஒரே இடம் இது. இதற்கு உதவித்தொகை ஆணை வந்தால் போதாது, தனியாக மதிப்பீடு நடக்கும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தானாக யாரும் சேர்த்துவிட மாட்டார்கள்.

ஆக ஒப்பீடு 2,000க்கும் 1,500க்கும் இல்லை. 3,000க்கும் 1,500க்கும். ஆண்டுக்கு 18,000 ரூபாய் வித்தியாசம்.

ஆனால் வேகம் என்று பார்த்தால் வருவாய்த் துறை வழி சில சமயம் முந்திக்கொள்ளும். பராமரிப்பு உதவித்தொகையில் காத்திருப்பு உண்டு. அதனால் 75 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை, முதல் நாளே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுவது. ஏற்கெனவே ஓ.ஏ.பி. (வருவாய்த் துறையின் முதியோர் ஓய்வூதியம்) வாங்கிக்கொண்டிருந்தால் அதை இப்போதே நிறுத்தச் சொல்ல வேண்டாம். பராமரிப்பு உதவித்தொகை ஆணை வந்த பிறகு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்து ஓய்வூதியத்தை நிறுத்திக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்து, முதலில் நிறுத்திவிட்டு ஆணைக்குக் காத்திருப்பவர் இரண்டும் இல்லாமல் மாதக் கணக்கில் நிற்பார். நிறுத்தாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டே இருந்தால் ஆதார் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

40இலிருந்து 74 சதவீதம், மேலே சொன்ன தனிநோய்கள் எதுவும் இல்லை என்றால் வருவாய்த் துறை தவிர வழியில்லை. அப்போதும் ஒரு தேர்வு இருக்கிறது. அறுபது தாண்டிய அம்மா ஓ.ஏ.பி.யில் 1,200 வாங்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து 60 சதவீதச் சான்றிதழ் கிடைத்தால், மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மாற்றிக் கேட்க வேண்டும். மாதம் 300 ரூபாய்தான், ஆனால் ஒரு முறை எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுக்க வருவது.

வருவாய்த் துறை விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போட்டாலும், உண்மையான முடிவு கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில்தான். மகன் என்ன செய்கிறான், அம்மா யார் ரேஷன் கார்டில் இருக்கிறார், வீடு நிலம் யார் பெயரில் என்று கேட்பார். பாசத்தில் அம்மாவைத் தன் கார்டில் சேர்த்துக்கொண்ட அரசு ஊழியர் மகன், அதோடு அம்மாவின் ஆதரவற்றோர் தகுதியையும் முடித்துவிடுகிறார். அதற்காகக் கார்டைப் பிரித்துப் பொய் முகவரியில் வைக்கச் சொல்லவில்லை, அது பிடிபட்டால் ரேஷனும் போய்விடும். உண்மையிலேயே தனிச் சமையல், தனி வீடு என்றால் கார்டும் தனியாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

ரேஷன் கார்டு முள்ளோடைக்கு எந்தப் பக்கம்?

கடலூர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் புதுச்சேரி ஜிப்மர்தான் பெரியாஸ்பத்திரி. முள்ளோடை எல்லையைத் தாண்டி, புதுச்சேரியின் பாகூர், கன்னியக்கோயில் பக்கம் சொந்தக்காரர் வீடும் இருக்கும். அதனால் “புதுச்சேரியில் அதிகம் தருகிறார்களாமே, அங்கே போட்டுவிடலாமா” என்ற யோசனை எல்லா வீட்டிலும் ஒரு முறை எழும்.

அங்கே முதியோர் உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்குகிறது, எண்பது தாண்டினால் தொகை கூடுகிறது. அதை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையும், மாற்றுத்திறனாளி உதவியைச் சமூக நலத் துறையும் பார்க்கின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, வேறு எந்த அரசு உதவியும் பெறாத 21 முதல் 55 வயதுவரையிலான குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்று 2023 ஜனவரியில் தொடங்கிய திட்டமும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒன்றியப் பிரதேசத்தில் குடியிருந்ததற்கான சான்று. ஜிப்மரில் வைத்தியம் பார்த்த சீட்டு அதற்கு உதவாது. உண்மையிலேயே பாகூரில் மகள் வீட்டில் அம்மா நிரந்தரமாக இருக்கப் போகிறார் என்றால் கார்டு, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல் மூன்றையும் மாற்றிக்கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் குடியிருப்புக் காலம் நிறையும்வரை இந்தப் பக்கத்து உதவியும் நின்று அந்தப் பக்கத்து உதவியும் வராத ஓர் இடைவெளி இருக்கும். அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். தனித்துவ அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும் என்பதால் சதவீதத்தை மறுபடி அளக்க வேண்டியதில்லை.

பார்த்துக்கொள்பவரின் பெயரில் வரும் ஆயிரம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பராமரிப்பாளருக்கான திட்டம் இல்லை. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குச் சொந்தப் பெயரில் மாதம் 1,000 வரக்கூடிய வழி அது. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது போட்ட நிபந்தனைகள்: 21 வயது நிறைவு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள்.

“வீட்டில் ஏற்கெனவே உதவித்தொகை வருகிறது, எங்களுக்குக் கிடைக்காது” என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட வீடுகள் நிறைய. தவறான எண்ணம். பராமரிப்பு உதவித்தொகை பெறும் மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பத்துக்குத் தொடக்கத்திலேயே விலக்கு தரப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் வீட்டில், ஓய்வூதியம் பெறாத மற்றொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் தளர்த்தினார்கள். ஆக 75 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் 2,000, 1,000, 1,000 மூன்றும் சேர்ந்து மாதம் 4,000 சாத்தியம். அதே வீடு பழைய ஓ.ஏ.பி.யோடு நின்றுவிட்டால் 1,200.

வருமான வரிக் கழிவு: பெயர் பெரிசு, பலன் சிறிசு

நெய்வேலியிலோ சிப்காட்டிலோ வேலை பார்க்கும் மகன் முதலில் நினைப்பது இதைத்தான். 80டிடி பிரிவில், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று பில் காட்ட வேண்டாம். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் வருவார்கள். மாமனார் மாமியார் வரமாட்டார்கள். உங்கள் மனைவிக்கு வருமானம் இருந்தால் அவர்களுக்கான கழிவை அவர் கணக்கில் கேட்கலாம்.

சிக்கல், இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 12.75 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் வரியே இல்லை, இந்தக் கழிவால் ஒரு காசும் லாபமில்லை. சம்பளம் 15 லட்சம் என்றால் புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 14.25 லட்சத்துக்கு வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி சேமிப்பு 1,50,000, மருத்துவக் காப்பீடு 75,000, 80டிடி 1,25,000 எல்லாம் எடுத்தும் 11 லட்சத்துக்கு வரி செஸ்ஸோடு 1,48,200. ஐம்பதாயிரம் நஷ்டம். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சமும் சேர்ந்தால் 96,200 வரும், அதாவது புதிய முறையைவிட 1,300 ரூபாய் லாபம். அந்த 1,300க்காகச் சான்றிதழ், படிவம், கணக்காளர் கூலி என்று அலைய வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வாடகைப்படி அதிகமாக வாங்கும் சிலருக்கு மட்டும் பழைய முறை இன்னும் கைகொடுக்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

கூடப் பிறந்தவர்களிடம் கேட்கும் உரிமை

அரசு தரும் உதவியைவிடப் பெரிய தொகை பல வீடுகளில் சொந்தக்காரர்களிடம்தான் இருக்கிறது. நான்கு பிள்ளைகளில் ஒரு மகள் மட்டும் வேலையை விட்டு அப்பாவைப் பார்க்கிறாள், மற்றவர்கள் தீபாவளிக்கு வந்து வேட்டி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் கடன். இதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது.

மனு போட வேண்டியவர் அப்பா. அவருக்கு முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர் போடலாம், அந்த மகளேகூட. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று உங்கள் தாலுகா எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அந்த ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், விதிவிலக்காக இன்னும் 30 நாள். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம்.

மனுவில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் வேலையும் வர வேண்டும். ஒருவரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டால் அவர் “மற்றவர்களையும் சேருங்கள்” என்பார், இரண்டு வாய்தா அதில் போகும். மாதச் செலவை ஒரு தாளில் பட்டியலாக இணையுங்கள். மாத்திரை இவ்வளவு, டயாப்பர் ஒரு நாளைக்கு மூன்று என்றால் மாதம் தொண்ணூறு, பிசியோதெரபி, ஆட்டோ என்று விலையோடு. வெறும் ‘கவனிப்பதில்லை’ என்ற புகாரைவிட அந்தப் பட்டியல்தான் தொகையைத் தீர்மானிக்கும்.

சண்டை வேண்டாம், வீட்டை எழுதி வைத்துவிடலாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் இன்னொரு பக்கம். பார்த்துக்கொள்ளும் மகளுக்கு வீட்டைச் செட்டில்மென்ட் எழுதுவது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் ‘என் ஆயுள்வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் கவனிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை வரி இருக்கட்டும். சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பத்திர எழுத்தர் பழைய மாதிரியில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் போட்டு முடித்துவிடுவார், சொல்லி எழுத வைக்க வேண்டும். நிபந்தனை இருப்பது மகளுக்கும் பாதுகாப்புதான். நாளைக்கு அண்ணன்மார் ‘ஏமாற்றி எழுதி வாங்கினாள்’ என்று வழக்குப் போட்டால், எதற்காக எழுதப்பட்டது என்பது பத்திரத்திலேயே இருக்கும்.

பணமாக வராத உதவிகள்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். பிசியோதெரபிஸ்ட்டும், வலித்தணிப்புச் சிகிச்சை நர்சும் வீட்டுக்கு வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்றவற்றுக்கு ஆம்புலன்ஸ் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் செலவு மிச்சம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். பணக் கணக்கில் பார்த்தால், சில வீடுகளுக்கு இது மாத உதவித்தொகையைவிடப் பெரியது.

நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியோடு போகும் உதவியாளர் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. துணையில்லாமல் பயணிக்க முடியாதவர் என்று சான்று இருந்தால் ரயிலில் கூட வருபவருக்கும் அதே சலுகை, ஸ்லீப்பரில் 75 சதவீதம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் வீட்டுக்கே வருகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் தாய்க்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இலவசம், அதை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே கேட்கலாம்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீடு ஒரு லட்ச ரூபாய்க்கு. கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் 250, மற்றவர்களுக்கு 500, ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 அல்லது 250. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை இல்லை, தெரபிச் செலவும் வரும். முதலமைச்சர் காப்பீட்டோடு ஒப்பிட்டால் தொகை சின்னது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது, இது அன்றாட வைத்தியச் செலவுக்கும் உதவும். இரண்டும் இருக்கலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. கெடுவது புதுப்பிப்பில்தான். தேதி தாண்டினால் அந்த இடைவெளியில் ஆன செலவு கைக்காசு.

வேலையை விடும் முன்

இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருப்பவர், வருமானமில்லாத பெற்றோருக்கும் அங்கேயே வைத்தியம் பார்க்கலாம். ராஜினாமா செய்தால் அது உடனே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை கட்டிய சந்தாவுக்கு ஜனவரி முதல் ஜூன்வரை பலன், அக்டோபர் முதல் மார்ச்வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர்வரை பலன். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் விடுவதா, இன்னும் சில வாரம் தள்ளி விடுவதா என்ற சின்ன முடிவில் ஆறு மாத வைத்தியம் அடங்கியிருக்கலாம்.

புதுச்சேரி அரசு ஊழியர்கள் மத்திய அரசு விடுப்பு விதிகளின் கீழ் வருவதால், பெண் ஊழியர்களுக்கும் மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365 நாள் 80 சதவீதம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது. வேலையை விடுவதைவிட இது பல மடங்கு மேல்.

வங்கி விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவர் கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம் என்று நம்பி இருக்க வேண்டாம், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் அந்தப் பத்திரமும் செல்லாது. நினைவு இருக்கிறது, கையெழுத்துப் போட மட்டும் முடியவில்லை என்றால் பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க வங்கி அனுமதிக்க வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் முடியாது என்றால் ரிசர்வ் வங்கி விதி இருப்பதைச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது என்று வங்கி சொல்லலாம். அதற்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு தரும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆணை வேண்டும். பதினெட்டு முடிந்த மாதமே விண்ணப்பம் தயாராக இருந்தால் உதவித்தொகை இடையில் தடைபடாது. பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒரு முறை வாழ்வுச் சான்று கேட்பார்கள். அதைக் கொடுக்கப் போகும்போதே பாஸ்புக்கையும் பதிவு போட்டுக்கொண்டு போங்கள், எந்த மாதம் விட்டுப்போயிருக்கிறது என்பதை அங்கேயே காட்டிக் கேட்கலாம்.